சாலைமேட்டு மிக்கேலின் வாளும் அமலராணியின் கையும்

சாலைமேட்டு மிக்கேல் கோயில் அடி வாங்கியே வளர்ந்த கோயில். திருச்சி எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி மதுரை ரோட்டில் கொஞ்சம் போய் இடது பக்கச் செம்மண் பாதையில் இறங்கினால், மேட்டின் மேல் குட்டையாக, தடியாக, வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் நெல் குடோன் என்றுதான் நினைப்பார்கள். மேலே சிலுவை இருப்பதால் மானம் தப்பியது.

சுவரின் அகலத்துக்கு ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம். சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்துக் கட்டியதாம். வெல்லம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று நக்கிப் பார்த்த பிள்ளைகள் ஊரில் உண்டு. மிச்சம் இல்லை. உள்ளே நாலு கருங்கல் தூண்கள். எங்கேயோ இடிந்து கிடந்த மண்டபத்திலிருந்து மாட்டுவண்டி ஏறி வந்தவை. ஒன்றில் யானைத் தலை. இன்னொன்றில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பெண். அவளைச் சுண்ணாம்பு பூசி மறைக்கச் சொல்லி எந்தக் காலத்துச் சாமியாரோ உத்தரவு போட்டார். வருசா வருசம் பூசுகிறார்கள். வருசா வருசம் அவள் மூக்கும் முழங்கையும் வெளியே வந்துவிடுகிறது.

வாசல் பக்கத்து மேற்குச் சுவரில், வெளிப்புறம், ஒரு தலை நுழைகிற அளவுக்குக் குழி. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் நவாபுகளும் திருச்சிக்காக மாறி மாறி அடித்துக்கொண்ட காலத்தில் வந்து விழுந்த பீரங்கிக் குண்டு போட்டது என்பது ஊர்ப் பேச்சு. அந்தக் குண்டு இப்போது வடக்குக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுக்கிறது. தரையில் பீடத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒரு நீளத் தழும்பு ஓடும். இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம் என்று பிரித்து உட்கார வைத்த குட்டைச் சுவர் நின்ற இடம் அது. அதைக் கடப்பாரையால் இடித்த ஞாயிற்றுக்கிழமை சுவரைவிட மண்டைகள்தான் அதிகம் உடைந்தன. அன்றைக்கு இருந்த சாமியார் பூசையை நிறுத்தவில்லை; முடித்துவிட்டுத்தான் போய் ஒளிந்தார்.

இதற்கெல்லாம் மேலே, பக்கப் பீடத்தில் மிக்கேல் சம்மனசு, வானதூதர். ஒரு கையில் தராசு, மறு கை ஓங்கியபடி, காலடியில் பசாசு. சம்மனசைப் பூ மாதிரி மென்மையாகச் செய்த அதே தச்சன் பசாசை இரும்பாட்டம் வேங்கையில் செதுக்கியிருக்கிறான், நல்லவேளை. ஏனென்றால் திருவிழா அன்று ஊர்ப் பெண்கள் வீட்டுக்கொரு விளக்கமாற்றோடு வந்து பசாசை நாலு சாத்து சாத்திவிட்டுப் போவது வழக்கம். வருசம் பூராவும் வீட்டுக்குள் புகுந்த சண்டை அதோடு வெளியே போகுமாம். வாங்கி வாங்கிப் பசாசுக்கு மூக்கு இல்லை. ஒரு வருசம் அதன் வாயில் எரிகிற பீடி இருந்தது. வைத்தது யார் என்று இதுவரை தெரியவில்லை. தெரிந்து ஒன்றும் ஆகப்போவதும் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. மிக்கேலின் ஓங்கிய கையில் இருக்க வேண்டிய வெள்ளி வாளைத் திருவிழா அன்று கழற்றி, ஊரில் ஒருத்தர் ஏந்திக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். அதற்கு முன், சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் வாசலில் நின்று மூன்று முறை கேட்பார்: "இந்தக் கையில் குற்றம் உண்டா?" அந்தக் காலத்தில் ஒருத்தன் தம்பியைக் கிணற்றுக்குள் தள்ளிக் கொன்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வாளைப் பிடித்தானாம். அப்போதிலிருந்து கேட்கிறார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் அந்தக் கை சுத்தம். சுத்தம் என்றால் சும்மா இல்லை. அடுத்த திருவிழா வரைக்கும் அந்த ஆள் மேல் எந்தப் புகாரையும் ஊர்க்கூட்டம் காதில் வாங்காது. மிக்கேலே விட்டுவிட்டாராம், நாம் யார் கேட்க.

இந்த வருசம் வாள் பிடிக்க மார்ட்டின் பெயரைச் சொன்னார்கள். மார்ட்டினின் பெண்டாட்டிதான் அமலராணி.

அமலராணி பாலக்கரைப் பெண். பாலக்கரைச் சந்துகளில் வளர்ந்தவர்களுக்குக் குரலும் முழங்கையும் சேர்ந்தே வளரும். பள்ளிக்கூடம் போகிற வயதில் பஸ்ஸில் உரசின ஒருத்தனை டிபன் பாக்ஸால் அடித்து, அவன் பல்லைத் தேட பஸ்ஸையே நிறுத்த வைத்தவள் என்று அவள் தம்பிகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கல்யாணமாகி சாலைமேட்டுக்கு வந்ததும், மாமனார் வைத்திருந்த கறிக்கடை அவள் தலையில் விழுந்தது. ரோட்டோரம் தகரக் கொட்டகை, புளியமரத்து வெட்டுக்கட்டை, கூண்டு நிறையக் கோழி. முதல் வாரம் அழுதாள். அடுத்த வாரம் வெட்டினாள். அதற்கப்புறம் அவள் கை பேசுகிற வேகத்தை வரிசையில் நிற்பவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். எலும்பை உடைக்கவே மாட்டாள். மூட்டு எங்கே பிரியுமோ அங்கே கத்தி நுனியால் ஒரு கேள்வி கேட்பாள், அது தானாகப் பிரிந்து வரும்.

மார்ட்டினுக்குக் குட்டியானை வண்டி. காந்தி மார்க்கெட்டுக்கும் மணப்பாறைக்கும் லோடு அடிப்பான். கோயில் பாடற்குழுவில் முன்வரிசைக் குரல் அவனுடையது. தெருநாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போடுவான். யார் வீட்டுச் சாவு என்றாலும் வண்டி வாடகை கேட்க மாட்டான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் அடிப்பான். குழம்பில் உப்பு, கடையில் ஒருத்தனிடம் சிரித்தது, சிரிக்காமல் இருந்தது, எதுவும் காரணம்தான். பெல்ட், செருப்பு, குக்கர் மூடி. அவள் வலது புருவத்தில் ஒரு பிளவு உண்டு, அது குக்கர் மூடி. அடித்த பிறகு அவனே அழுவான், அவனே புரோட்டா வாங்கி வந்து ஊட்டுவான். புரோட்டா நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விசயம்.

திருப்பி அடிக்க அவளுக்குத் தெரியாமல் இல்லை. ரொம்பத் தெரிந்ததுதான் பயம். கோழிக்கு எங்கே மூட்டோ மனுசனுக்கும் அங்கேதான். அதனாலேயே கடைக் கத்தி எதையும் அவள் வீட்டுக்கு எடுத்து வர மாட்டாள். கொட்டகையிலேயே பூட்டி, சாவியை பக்கத்துக் கடை சாரா பீவியிடம் கொடுத்துவிட்டு வருவாள். சாரா பீவி வடையும் சுண்டலும் போடுகிற கடைக்காரி. ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வீங்கிய கன்னத்தைப் பார்த்தால் மட்டும், ரெண்டு வடையை இலையில் வைத்து நீட்டி, "மென்னு பாரு, பல்லு ஆடுதான்னு தெரியும்" என்பாள்.

ஒரு தடவை அமலராணி போலீசுக்கும் போனாள். அங்கே தண்ணீர் கொடுத்தார்கள், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார்கள். ஊர்க்கூட்டத்துக்குப் போனபோதுதான் ஏதோ நடந்தது. பெரியவர்கள் மார்ட்டினைக் கூப்பிட்டுக் காறித் துப்பாத குறையாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் பாட்டு மட்டும்தான் கேட்டது. ஊருக்கு முன்னால் தலை குனிவது ஒன்றுதான் அவனுக்குப் பயம் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. இப்போது வாள் அவன் கைக்குப் போனால் அந்த ஒரு கதவும் ஒரு வருசத்துக்குச் சாத்திக்கொள்ளும்.

தனக்கு என்றால் அவள் பல்லைக் கடித்திருப்பாள். திருவிழாவுக்குக் கொடி ஏற்றிய வாரம், அவன் லின்சி மேல் கை வைத்தான்.

லின்சி பிளஸ் டூ படிக்கிற மகள். அன்று மத்தியானம், வாள் பிடிக்கும் போது உடுத்த வேண்டிய பட்டு வேட்டியை அவன் கண்ணாடி முன் நின்று கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா இருக்கா என்று கேட்டான். வேட்டி நல்லாத்தான் இருக்கு என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். எந்த வார்த்தையில் அழுத்தம் விழுந்தது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து ஒரு வீச்சு. லின்சி சுவரில் மோதி, மிக்சி மேல் விழுந்து, தரையில் உட்கார்ந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ஸ்கூல் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அமலராணி கடையிலிருந்து வந்தபோது அவன் துணியை ஈரமாக்கி மகள் காதைத் துடைத்துக்கொண்டு அழுதபடி இருந்தான். அவளைப் பார்த்ததும் அழுகை நின்றது.

"போ. போய் ஊரைக் கூட்டு. வெள்ளிக்கிழமை வாளைப் பிடிச்சிட்டு வரேன், அதுக்கப்புறம் எவன்கிட்ட போவன்னு பாக்கறேன்."

அமலராணி ஊரைக் கூட்டவில்லை. லின்சியை ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து போட்டுவிட்டு, நேரே கோயிலுக்குப் போனாள். உபதேசியார் அற்புதசாமி சப்பரத்துக்கு விளக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கேட்பதையும் ஒரே மூச்சில், பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வது போலச் சொல்லி முடிக்கிறவர் அவர். அந்தக் கேள்விக்கு யாராவது எப்பவாவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று அவள் கேட்டாள்.

அவர் ஒயரை விட்டுவிட்டு யோசித்தார். "கேக்கறதுதாம்மா வழக்கம். பதில் வழக்கத்துல இல்ல."

"சொன்னா என்ன பண்ணணும்னாவது இருக்கா?"

இருந்தது. அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். குற்றம் உண்டு என்று ஒருத்தர் சொன்னால், அந்த ஆள் பசாசுக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும். சொன்னவர் விளக்கமாற்றால் அந்தக் கையில் ஒரு அடி. அதோடு சரி. வாள் வேறு ஆளுக்குப் போகும். இதுவரை யாரும் பார்த்ததில்லை. அமலராணி கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: வெள்ளிக்கிழமை கொஞ்சம் மெதுவாகக் கேட்கச் சொன்னாள்.  அவர் கையில் ஒயர் சிக்கலாகிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை சாயங்கால வெயில் மேற்குச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் விளக்கமாறுகளோடு ஒரு பக்கம், ஆண்கள் மொபைலோடு மறு பக்கம். வாசலில் மிக்கேலோடு சப்பரத்தில் ஏற்றியிருந்த, அடி விழுந்து முடிந்த பசாசைச் சுற்றி ஈர்க்குச்சிகள் சிதறிக் கிடந்தன. புதிதாக வந்திருந்த இளவயசுச் சாமியார் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வாசல் கல்லில் சாய்த்திருந்த வாளுக்குப் பக்கத்தில் மார்ட்டின், பட்டு வேட்டியில், வலது கையை நீட்டியபடி. லின்சி காதில் பஞ்சோடு, திறந்த வாசலுக்கு உள்ளே தூண் பெண்ணுக்குக் கீழே நின்றாள்.

"இந்தக் கையில் குற்றம் உண்டா?" என்றார் அற்புதசாமி.

நிறுத்தினார். கூட்டத்துக்கு இது பழக்கமில்லை. சிலர் அவருக்கு மூச்சுத் திணறலோ என்று பார்த்தார்கள்.

"இந்தக் கையில் குற்றம் உண்டா?"

மறுபடியும் நிறுத்தினார். ஒரு குழந்தை தும்மியது. மார்ட்டின் அவரை முறைத்தான். அமலராணி விளக்கமாற்றோடு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இந்தக் கையில்..." என்று அவர் ரொம்ப ரொம்ப மெதுவாக ஆரம்பித்தார்.

"உண்டு" என்றாள்.

அது அவளுக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னாள். "உண்டுங்க. என் புருவத்தைப் பாருங்க. எம்மக காதைப் பாருங்க."

மார்ட்டின் முதலில் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, பொம்பளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். யாரும் சிரிக்கவில்லை. அற்புதசாமி பசாசுப் பக்கம் கை காட்டி, மரியாதையாகத்தான், "மார்ட்டின், வந்து கையை நீட்டுங்க" என்றார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ஆகாதது அது ஒன்றுதான். நீட்டினான், ஆனால் பசாசுக்கு முன்னால் இல்லை. அறை விழுந்த சத்தம் உள்ளே பீடம் வரைக்கும் போய்த் திரும்பியது. அமலராணி மேற்குச் சுவரில் போய் மோதினாள். குண்டுக்குழியின் விளிம்பு அவள் உதட்டைப் பல்லோடு சேர்த்துக் கிழித்தது. சுண்ணாம்பில் ரத்தம் கை அகலத்துக்கு அப்பியது. அவன் அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொரு தடவை மோதினான். பிறகு திரும்பி, கல்லில் இருந்த வாளை எடுத்தான்.

வெள்ளி முலாம் பூசின மொட்டை வாள்தான். ஆனால் உள்ளே இரும்பு. லின்சி ஓடி வந்து குறுக்கே நின்றாள். வாள் மேலே போனது. அமலராணி மகளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்த்தால் எழுந்து வரும் என்று விரல்கள் தாமாகவே தேடிக் கண்டுபிடித்தன. ஒரே திருகல். பச்சைப் புளியங்காய் ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். வாள் அவன் கால்மேலேயே விழுந்தது. மார்ட்டின் முழங்காலிட்டான்; பாட்டில் மேல்ஸ்தாயிக்குப் போகும்போதுகூட அவனிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்ததில்லை.

அத்தோடு முடிந்திருக்கலாம். விளக்கமாறுகள் சும்மா இருந்தால்தானே. முதல் அடி யார் அடித்தது என்று இன்றைக்குவரை ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இரண்டாவது அடி சாரா பீவி. விளக்கமாறு இல்லை, ரப்பர் செருப்பு. அதற்கப்புறம் எண்ணிப் பிரயோசனமில்லை. வேங்கை மரத்துப் பசாசு வாங்கியதற்கு இரண்டு மடங்கு மார்ட்டின் வாங்கினான். தடுக்கப் போன ஆண்களில் ரெண்டு பேர் வேட்டி இல்லாமல் திரும்பினார்கள். ஒருத்தருக்கு முன்பல் போனது. சாமியார் மைக்கில் சமாதானம், சமாதானம் என்று கத்தினார். மைக் அன்றைக்கு முழுக்க வேலை செய்யவில்லை. கடைசியில் "போதும், செத்துருவாரு" என்று கத்திக்கொண்டு அவன்மேல் குப்புற விழுந்து அடியைத் தன் முதுகில் வாங்கியது யார் என்றால், அமலராணியேதான். அதற்காக அவளைக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

தூசி அடங்கியும் சப்பரம் நின்றபடியே நின்றது. வாள் பிடிக்க ஆள் வேண்டும். கையில் குற்றமில்லாதவர் யாராவது முன்னால் வரலாம் என்று அற்புதசாமி கூப்பிட்டார். ஆண்கள் பக்கம் ஒரு அசைவு வந்தது. பின்பக்கமாக. போன வருசம் பிடித்தவர் செருப்பைத் தேடினார். அதற்கு முந்தின வருசத்துக்காரர் மூச்சிரைக்க ஒன்றுக்குப் போனார். ஒவ்வொருத்தர் கண்ணும் எதிர்ப்பக்கம் நிற்கிற அவரவர் பெண்டாட்டியின் விளக்கமாற்றைப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"நீயே பிடிம்மா" என்றார் அற்புதசாமி, அமலராணியைப் பார்த்து.

அவள் தன் கையைப் பார்த்தாள். "இதுவும் இன்னைக்குச் சுத்தமில்ல சாமி. விட்டுருங்க."

அதனால் அந்த வருசம் வாள் வாசல் கல்லிலேயே கிடந்தது. யார் கையும் சுத்தம் என்று ஆகவில்லை. யார் மேல் வேண்டுமானாலும் யாரும் புகார் கொடுக்கலாம் என்று அர்த்தம். அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு மரத்தடி போதாமல் கோயிலுக்குள்ளேயே வைக்க வேண்டி வந்தது. சப்பரம் மட்டும் கிளம்பி ஊர் சுற்றியது. பாதித் தெரு போன பிறகுதான் கவனித்தார்கள்: மிக்கேலின் ஓங்கிய கையில் ஒரு விளக்கமாறு. செருகியது யார் என்று தெரியவில்லை. எடுக்கச் சொன்ன சாமியாருக்கு ஏணி கிடைக்கவில்லை.

மார்ட்டின் வடக்குக் கதவோரம் பீரங்கிக் குண்டின் மேல் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தான். முகம் பூசணிக்காய். அமலராணி எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் உதட்டிலிருந்து இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் கையை வாங்கி, கட்டைவிரலை இழுத்து, இருந்த இடத்திலேயே உட்கார வைத்தாள். அவன் அலறி முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கும். நீங்க வண்டியில படுத்துக்கங்க. அவ மேல இன்னொரு தடவை கை பட்டுச்சுன்னா, இழுத்து உக்கார வைக்க மாட்டேன்."

மறுநாள் அற்புதசாமி சுண்ணாம்பு வாளியோடு மேற்குச் சுவர் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். குண்டுக்குழி இருக்கட்டும் என்று முன்னோர் விட்டுவைத்த மாதிரி, இந்த ரத்தக் கறையையும் அடையாளமாக விட்டுவைக்கலாமா என்று அவளைக் கேட்டார். பெருமையாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. பூசிருங்க என்றாள் அவள். குண்டு போட்டவன் பெயர் யாருக்காவது தெரியுமா, குழியை மட்டும் பார்த்துப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் தூரிகையை எடுப்பதற்குள் லின்சி வாங்கி, அம்மா முகம் மோதிய இடத்தை ரெண்டு கோட்டிங் அடித்தாள். தூண் பெண் பக்கம் போனபோது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். வாளியில் பாதி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அமலராணி கடை திறந்தாள். உதட்டில் தையல். வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் தோல் சரியாக உரிக்கவில்லை என்று குறை சொல்லவில்லை. சாரா பீவி இலையில் வடை வைத்து நீட்டினாள். மென்று பார்த்து, ஒரு பல் ஆடுது என்றாள். ஆடட்டும், விழுந்தா கூரையில போடு என்றாள் சாரா பீவி.

வரிசை நகர்ந்துகொண்டே வந்தது. தலையை நிமிர்த்தாமல் வெட்டிக்கொண்டிருந்தவள் முன்னால், வலது கை முழுக்கக் கட்டோடு, இடது கையில் ஒரு பையோடு மார்ட்டின் நின்றான். வண்டியில் தூங்கிய முடி ஒரு பக்கமாக நட்டுக்கொண்டிருந்தது.

"ஈரல் இருக்கா அமலா?"

அவள் கத்தியைக் கட்டையில் வைத்தாள். அவனுக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தாள், அவனுக்கு முன்னால் நின்றிருந்த கிழவரை அவன் லேசாக இடித்துக்கொண்டு வந்திருப்பதையும் பார்த்தாள்.

"இருக்குங்க. அய்யாவுக்கு அப்புறம் வாங்க."

அவன் ஒரு அடி பின்னால் போய் நின்றான்.